வழுக்கி விழுந்தவர்கள்

நீலகிரியில் வழுக்கி விழுவதை யாரும் சந்தேகப்படுவதில்லை. மழைக்காலத்தில் படிக்கட்டெல்லாம் பாசி. தேயிலைச் சரிவில் காலை வைத்தால் செம்மண் இழுத்துக்கொண்டு போகும். மார்கழி, தை விடியலில் புல்லின் மேல் உறைபனி. கன்னம் வீங்கி, நெற்றி பிளந்து ஒரு பெண் ஆஸ்பத்திரிக்குப் போய் "ஸ்லிப் ஆயிட்டேன் சார்" என்றால் ஓ.பி. சீட்டில் அது அப்படியே ஏறிவிடும். சென்னையில் இதற்கு இணையான வாசகம் "ஸ்டவ் வெடிச்சிருச்சு". 2001இல் தொடங்கப்பட்ட பி.சி.வி.சி. என்ற அமைப்பினர் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பெண்களோடு வேலை செய்து வருகிறார்கள். ஸ்டவ் மேல் போடப்படும் பழியில் எவ்வளவு உண்மையில் ஸ்டவ்வுக்கு உரியது என்பது அப்படிப்பட்ட வார்டுகளில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். எங்கள் மலையில் அந்தப் பழியைச் சுமப்பது பாசி.

நான் ஜெகதளாக்காரி. குன்னூர் தாலுகாவில் அருவங்காட்டை ஒட்டிய பேரூராட்சி எங்களுடையது. வீட்டுக்குள் அடிபடும் பெண்களுக்கு ஆலோசகராக இருப்பது என் தொழில். வருகிறவர்களில் ஹட்டி என்னும் எங்கள் ஊர்களின் படுகப் பெண்கள் உண்டு. கார்டைட் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருப்பவர்கள் உண்டு. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து தேயிலையை நம்பி வாழும் குடும்பங்களின் மகள்களும் பேத்திகளும் உண்டு. இந்தக் கட்டுரையில் வரும் எவரும் ஒரே பெண் இல்லை. பலருடைய கதையைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன்.

"எங்க ஜனத்துல வரதட்சணை கிடையாது, பொண்ணு பிரிஞ்சு வந்தா மறுகல்யாணத்துக்கும் தடை கிடையாது, அப்புறம் எதுக்கு இந்த ஆபீஸ்?" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் சொன்ன இரண்டும் உண்மை. நான் அதில் பெருமைப்படுகிறவள்தான். ஆனால் அடிக்கிறவன் வரதட்சணைக்காக மட்டும் அடிப்பதில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, திருமணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தியாவுக்கு மொத்தமாக அது 29. படிப்பிலும் மருத்துவத்திலும் முன்னால் நிற்கிற நாம் இதிலும் முன்னால் நிற்கிறோம்.

மூளை அறிவியல் என் வேலைக்குள் வந்தது கொழுந்து எடையின் வழியாக. எஸ்டேட்டில் கைவேகத்துக்குப் பேர்போன ஒரு பெண்ணின் எடை சில மாதங்களாகக் குறைந்துகொண்டே வந்தது. மேஸ்திரி சோம்பேறித்தனம் என்றார். மாமியார் திமிர் என்றார். எங்கேயோ காட்டியபோது மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவள் என்னிடம் சொன்னது வேறு: அடுப்பில் அரிசி வைத்தது மறந்துபோகிறது, ட்யூப்லைட் வெளிச்சம் கண்ணில் குத்துகிறது, யாராவது இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எதுவும் காதில் ஏறவில்லை, சரிவில் இறங்கும்போது தலை சுற்றுகிறது. எப்போதிலிருந்து என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, "அந்தக் கதவு நாளிலிருந்து" என்றாள். கதவில் அவள் தலையை மோதியது அவளாக இல்லை.

அமெரிக்க ஆய்வாளர் ஈவ் வலேரா 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. துணைவரால் அடிக்கப்பட்ட 99 பெண்களிடம் பேசியதில், ஏறக்குறைய நாலில் மூன்று பேருக்கு அந்த அடியால் ஒருமுறையாவது மூளைக் காயம் ஏற்பட்டிருந்தது. பாதிப் பேருக்கு ஒருமுறைக்கு மேல். குத்துச்சண்டைக்காரர்களுக்கும் கால்பந்து ஆட்டக்காரர்களுக்கும் ஏற்படும் தலை அதிர்ச்சி பற்றி உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். மைதானத்தில் மருத்துவர் நிற்கிறார். வீட்டுக்குள் அடி வாங்குகிறவளுக்கு ரெஃப்ரியும் கிடையாது, இடைவேளையும் கிடையாது.

மூளை மிக மென்மையான பொருள். செம்பைக் குலுக்கினால் உள்ளே இருக்கும் தயிர் எப்படி அலைமோதுமோ அப்படித்தான் அடி விழும்போது மண்டைக்குள் அதுவும். மண்டை உடைய வேண்டியதில்லை, ரத்தம் வர வேண்டியதில்லை, மயங்கிக்கூட விழ வேண்டியதில்லை. முடியைப் பிடித்து உலுக்கினாலே போதும், நரம்பு இழைகள் இழுபட்டுவிடும். இந்த லேசான காயத்தைப் பெரும்பாலும் சி.டி. ஸ்கேன் காட்டாது. ஸ்கேன் பார்ப்பது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். "ஸ்கேன் நார்மல், ஒண்ணும் இல்லைம்மா" என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண், தான் நடிக்கிறோமோ என்று தன் மேலேயே சந்தேகப்பட ஆரம்பிக்கிறாள். புருஷன் ஏற்கெனவே அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஆகவே கேட்கும் விதத்தை மாற்றினேன். "தலையில் அடிபட்டிருக்கா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், அடி அவர்களுக்கு அவ்வளவு பழக்கம். "அடிச்ச பிறகு கொஞ்ச நேரம் என்ன நடந்துச்சுன்னே தெரியாம இருந்துச்சா? காதுல ரீங்காரம்? வாந்தி? வெளிச்சம் பட்டா தலை வலிக்குதா? சாமான் பேரு, ஆள் பேரு சட்டுன்னு வரமாட்டேங்குதா?" என்று தனித்தனியாகக் கேட்கிறேன். ஆமாம் என்று வந்தால் எங்கள் அறையில் விளக்கை அணைத்து ஜன்னல் வெளிச்சத்தில் உட்காருகிறோம். ஒரு மணி நேரம் பேசுவதை இருபது நிமிடமாகக் குறைக்கிறோம். சொன்னதை அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கிறோம். படிக்கத் தெரியாதவருக்குப் படம். ஒரு நாளைக்கு ஒரே வேலை: வங்கி என்றால் வங்கி மட்டும், வக்கீல் என்றால் வக்கீல் மட்டும். முதல் காயம் ஆறுவதற்குள் இரண்டாவது விழுந்தால் பாதிப்பு கூடும் என்பதால், அந்த வாரங்களில் அவள் எங்கே தூங்குகிறாள் என்பதுதான் முதல் மருத்துவக் கேள்வி.

தலையைவிட எனக்குப் பயம் கழுத்து.

பெண்கள் அதைக் கடைசியில்தான் சொல்வார்கள், அதுவும் போகிற போக்கில்: "கழுத்தைப் பிடிச்சாரு, விட்டுட்டாரு." அடி, உதை, விறகுக்கட்டை எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னவர்கள் இதை மட்டும் ஒரு வரியில் கடந்துபோவார்கள், தழும்பு இல்லை என்பதால். கழுத்தின் இரு பக்கமும் ஓடும் ரத்தக்குழாய்களை அழுத்தினால் பத்து விநாடி அளவிலேயே நினைவு தப்பலாம். மூச்சுக்குழலை நெரிக்கத் தேவைப்படுவதைவிட இதற்குக் குறைந்த பலமே போதும். பிராணவாயு குறைந்தால் முதலில் வாடுகிற இடங்களில் ஒன்று ஹிப்போகாம்பஸ், நடந்ததை வரிசையாகப் பதிவு செய்கிற பகுதி. அதனால்தான் கழுத்து நெரிக்கப்பட்டவளுக்கு இடையில் என்ன நடந்தது என்று தெரிவதில்லை. "நின்னுட்டு இருந்தேன், அப்புறம் தரையில இருந்தேன், பாவாடை நனைஞ்சிருந்துச்சு" என்பாள். நடுவில் இருந்தது மரணத்துக்கு மிக அருகில் போய் வந்த சில விநாடிகள்.

அமெரிக்காவில் சான் டியேகோ நகரில் முந்நூறு கழுத்து நெரிப்பு வழக்குகளைப் புரட்டிப் பார்த்து 2001இல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு வெளியே பார்க்கக்கூடிய தடயமே இல்லை. 2008இல் நான்சி கிளாஸ் என்பவரின் குழு வெளியிட்டது இன்னும் மோசமான செய்தி: ஒருமுறை துணைவனால் கழுத்து நெரிக்கப்பட்ட பெண், பின்னாளில் அவனாலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் கூடுகிறது. இங்கிலாந்தில் 2022 ஜூனிலிருந்து கழுத்தை நெரிப்பது தனிக் குற்றம். நம் சட்டத்தில் அப்படித் தனிப்பிரிவு இல்லை. காயத்தைப் பார்த்துத்தான் பிரிவு போடுகிறார்கள், இதிலோ காயமே தெரிவதில்லை.

அதனால் எங்கள் படிவத்தில் கழுத்து பற்றிய கேள்வி முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. குரல் கரகரத்ததா, விழுங்கும்போது வலித்ததா, கண்ணில் சிவப்புப் புள்ளி வந்ததா, சிறுநீர் போய்விட்டதா. இவற்றில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மற்ற பேச்சை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம். கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தால் சில நாள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். முப்பது வயதுப் பெண்ணுக்குத் திடீரென ஒரு கை வராமல் போனால், போன வாரம் யார் கழுத்தைப் பிடித்தார்கள் என்று கேட்கத் தெரிந்த மருத்துவர்கள் இன்னும் தேவை.

இங்கே ஒரு விஷயத்தை ஓரமாகச் சொல்லிவிடுகிறேன். இப்போது பயிற்சி வகுப்புகளில் மூளை அறிவியல் ரொம்ப நாகரிகமாகிவிட்டது. மனிதனுக்குள் பல்லி மூளை, பாலூட்டி மூளை, மனித மூளை என்று மூன்று அடுக்கு இருப்பதாகப் படம் போட்டுக் காட்டுகிறார்கள். நரம்பியல்காரர்கள் அதைக் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது. நல்ல கதையாக இருப்பதால் பயிற்சியாளர்கள் விடமாட்டேன் என்கிறார்கள். நான் அதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. இருபது வருஷம் பயந்து வாழ்ந்தவளிடம் போய் "உனக்குள்ள பல்லி மூளை வேலை செய்யுது" என்பது எந்த விதத்தில் ஆறுதல் என்று எனக்குப் புரிவதில்லை.

காவல் நிலையத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் 1992இல் தொடங்கின. அங்கே உட்கார்ந்திருக்கும் பெண் அதிகாரிகளில் பலர் நல்லவர்கள், வேலைச்சுமையில் மூழ்கியவர்கள். அவர்களுடைய நியாயமான புகார் இது: "மேடம், காலையில ஒண்ணு சொல்றாங்க, சாயங்காலம் ஒண்ணு சொல்றாங்க. எந்தத் தேதி, எத்தனை மணி எதுவும் சரியா வரல. நாங்க எதை எழுதறது?"

வரிசை குழம்புவதற்குக் காரணம் உண்டு. உயிர்ப்பயம் வரும்போது அட்ரினல் சுரப்பிகளும் மூளைத்தண்டும் சேர்ந்து உடலை ரசாயன வெள்ளத்தில் தள்ளுகின்றன. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை, திட்டமிட்டு வரிசைப்படுத்தும் பகுதி, அந்த நேரத்தில் தளர்ந்துவிடும். யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டுகளாக இதைத்தான் ஆராய்கிறார்: கட்டுப்படுத்த முடியாத நெருக்கடியில் முன்மூளையின் இணைப்புகள் வலுவிழக்கின்றன. அதே சமயத்தில் அமிக்டலா, ஆபத்தை மோப்பம் பிடிக்கும் பகுதி, உச்சத்தில் இருக்கிறது. அதனால் அவள் கவனம் எதன் மேல் நின்றதோ அது அழுத்தமாகப் பதிகிறது: அவன் கையில் இருந்த கத்தரியின் சத்தம், பிராந்தி வாசனை, குழந்தை "அம்மா" என்று கத்தியது. சுற்றியிருந்ததும், நேரமும், முன்பின் வரிசையும் சரியாகப் பதிவதில்லை.

ஆகவே மகளிர் காவல் நிலையத்தினரிடம் பேசக் கிடைத்த வாய்ப்பில் நான் ஒரே ஒரு வேண்டுகோள்தான் வைத்தேன். "அப்புறம் என்ன நடந்துச்சு?" என்று கேட்காதீர்கள். "உங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கிறது எது? என்ன கேட்டுச்சு? என்ன வாசனை?" என்று கேளுங்கள், அவள் தொடங்குகிற இடத்திலிருந்து எழுதுங்கள். உடனடிப் பாதுகாப்புக்கு வேண்டியதை மட்டும் அன்று வாங்கிக்கொண்டு, விரிவான வாக்குமூலத்தை ஒன்றிரண்டு இரவு தூங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு உதவி ஆய்வாளர் சிரித்தார். "எங்களுக்கு யாரு மேடம் ரெண்டு நைட் தூக்கம் தர்றா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அடுத்த முறை அவர் அனுப்பிய பெண்ணின் வாக்குமூலம் பிராந்தி வாசனையிலிருந்து தொடங்கியிருந்தது.

"ஏன் கத்தல? ஏன் ஓடல?" என்ற கேள்வியையும் அதே சந்திப்பில் எடுத்துக்கொண்டோம். சண்டை, ஓட்டம் இரண்டும் முடியாதபோது உடல் மரத்துப்போவது பாலூட்டிகள் பலவற்றுக்கும் உள்ள பதில்வினை. காட்டெருமை முன்னால் வந்து நின்றபோது கை கால் அசையாமல் நின்றதை எங்கள் ஊரில் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். ஆண்களும்தான். அதற்காக அவர்களை யாரும் குறை சொன்னதில்லை.

அடிக்கிறவனுடைய மூளையைப் பற்றியும் கேட்பார்கள். ஊர்க்கூட்டத்தில் ஒருவர், "குடிச்சா அவனுக்கு மூளை வேலை செய்யறதில்லைம்மா, நீயே சயின்ஸ் சொல்றியே" என்றார். நான் திருப்பிக் கேட்டேன். டாஸ்மாக் பத்து மணிக்கு மூடுகிறது. அங்கேயிருந்து வீட்டுக்கு வரும் வழியில் எத்தனை பேரைக் கடந்து வருகிறான்? இலை வாங்கும் ஏஜென்ட், செக்யூரிட்டி, பேக்டரி சூப்பர்வைசர். இலைக்கு விலை குறைத்தவன் முகத்தில் ஒரு நாளாவது கை வைத்தானா? வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, ரவிக்கைக்கும் சேலைக்கும் உள்ளே மறைகிற இடமாகப் பார்த்து அடிக்கிறானே, அதற்குத் திட்டமிடும் மூளை வேண்டாமா? குடி சண்டையைப் பெரிதாக்கும். இலை விலை விழுந்த வருஷங்களில் எங்கள் மலையில் குடியும் கடனும் சேர்ந்து ஏறியதை நான் மறுக்கவில்லை. ஆனால் யாரை அடிக்கலாம் என்ற தேர்வைக் குடி செய்வதில்லை.

இப்போது என் வேலையின் நடுப்பகுதிக்கு வருகிறேன். 1967இல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் ஒரு பரிசோதனை செய்தார்கள். தப்பிக்கவே முடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்கள், பிறகு தப்பிக்க வழி கொடுத்தபோதும் அசையாமல் படுத்திருந்தன. கையாலாகாத்தனம் கற்கப்படுகிறது என்று முடிவு கட்டினார்கள். பல பத்தாண்டுகளாக இதைத்தான் அடிபடும் பெண்களுக்கும் பொருத்திப் பேசினோம்: அவள் அடங்கிப்போகக் கற்றுக்கொண்டாள், அதனால்தான் போகமாட்டேன் என்கிறாள் என்று. அதே மையர் பிறகு மூளைக்குள்ளேயே போய்ப் பார்த்தார். அவரும் செலிக்மனும் 2016இல், தங்கள் பழைய விளக்கம் தலைகீழாக இருந்தது என்று எழுதினார்கள். நீண்ட நேரம் வதைபட்டால் செயலற்றுப்போவது உடலின் இயல்பான பதில்வினை. அதைக் கற்க வேண்டியதே இல்லை. மூளைத்தண்டில் உள்ள ஒரு நரம்புக் கூட்டம் அதைச் செய்கிறது. கற்க வேண்டியது கட்டுப்பாட்டைத்தான். "நான் செய்தது பலித்தது" என்பதை முன்மூளை கண்டுகொண்டால், அங்கிருந்து கீழே போகும் நரம்புகள் அந்தக் கூட்டத்தை அடக்குகின்றன. ஒருமுறை அந்த அனுபவம் பதிந்துவிட்டால் அடுத்த வதையிலும் ஓரளவு காப்பு கிடைக்கிறது.

இதைப் படித்த பிறகு என் அறையே மாறிப்போனது. நாற்காலி இரண்டு திசையில் போட்டிருக்கிறேன்; எதில் உட்காருவது என்று அவள்தான் முடிவு செய்வாள். பெரும்பாலானவர்கள் கதவைப் பார்த்தபடி உட்காருகிறார்கள். கதவு திறந்திருக்கட்டுமா, சாத்தட்டுமா என்று கேட்கிறேன். டீ வேண்டுமா, சர்க்கரை போடட்டுமா என்பதுகூடக் கேள்விதான். "உங்க இஷ்டம் மேடம்" என்று நாலு முறை சொல்லிவிட்டு ஐந்தாம் முறை "சர்க்கரை வேண்டாம்" என்று ஒருத்தி சொன்னபோது நான் அதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். மேலதிகாரி பார்த்தால் சிரிப்பார். எனக்கு அது ரத்தப் பரிசோதனை முடிவு மாதிரி முக்கியம்.

இதன் கசப்பான பக்கமும் உண்டு. காப்பாற்றுகிறேன் என்று வருகிறவர்களும் அவள் கையிலிருந்து கட்டுப்பாட்டைப் பிடுங்குகிறார்கள். அண்ணன் வந்து "இன்னிக்கே கெளம்பு" என்பான். அலுவலர் "கேஸ் போடுங்க, இல்லாட்டி இனிமே வராதீங்க" என்பார். ஊர்ப் பெரியவர் "ஒருமுறை பொறுத்துக்கோ" என்பார். மூன்று பேரும் மூன்று பக்கம் இழுத்தாலும் அவளுக்குக் கிடைக்கும் அனுபவம் ஒன்றே: நான் சொல்வது எதுவும் செல்லாது. அவள் திரும்பிப் போவேன் என்றால் நான் தடுப்பதில்லை. எந்த நேரத்தில், யாரிடம் சொல்லிவிட்டு, எந்தப் பையோடு என்று கூட உட்கார்ந்து திட்டம் போடுகிறேன். விட்டு விலகும் நேரம்தான் உயிருக்கு மிகவும் ஆபத்தான நேரம் என்பதும் எனக்குத் தெரியும். அவள் உடல் அவனுடைய கடைசி பஸ் வரும் சத்தத்தை வைத்தே அன்றைய இரவைக் கணித்துவிடுகிறது. அந்தக் கணிப்பை நான் என் பட்டப்படிப்பைவிட நம்புகிறேன்.

அறைக்குள் அமைதியாகிறவள் வீட்டு வாசலில் மறுபடி நடுங்குகிறாள், ஏன் என்று பல ஆலோசகர்கள் அலுத்துக்கொள்வார்கள். பயம் எளிதில் இடம் விட்டு இடம் பரவும். பாதுகாப்பு உணர்வு கற்ற இடத்திலேயே தங்கிவிடும். மார்க் பௌட்டன் போன்றவர்கள் ஆய்வுக்கூடத்தில் காட்டியது இதுதான்: பழைய பயம் அழிவதில்லை, அதன் மேல் புதிய கற்றல் ஒன்று ஏறுகிறது, அந்தப் புதியது சூழலைச் சார்ந்தது. எனவே நான் பயிற்சியை அறைக்கு வெளியே கொண்டு போகிறேன். பஸ் நிறுத்தத்தில், எடை போடும் இடத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில், ரேஷன் கடை வரிசையில். காலடியில் தரை எப்படி இருக்கிறது, விரலுக்கிடையில் ஒரு தேயிலையைக் கசக்கினால் எப்படி இருக்கிறது, தூரத்தில் என்னென்ன சத்தம் கேட்கிறது என்று கவனிக்கச் சொல்கிறேன். மூச்சுப் பயிற்சியை எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. கழுத்து நெரிக்கப்பட்டவளிடம் மூச்சைக் கவனி என்றால் அவள் நேராக அந்த இரவுக்கே போய்விடுவாள்.

தப்பிக்கும் திட்டமும் அப்படித்தான். பதற்றத்தில் முன்மூளை உதவாது என்று தெரிந்த பிறகு, நெருக்கடியில் யோசித்துச் செய்யும் எதையும் திட்டத்தில் வைப்பதில் அர்த்தமில்லை. பகலில், நிதானமாக இருக்கும்போது, கை தானாகச் செய்யும்வரை பழக வேண்டும். 181 என்ற மகளிர் உதவி எண் ஒன்றே. ஆதார், ரேஷன் அட்டை, குழந்தையின் ஸ்வெட்டர் எல்லாம் ஒரே பையில், பக்கத்து வீட்டு அக்காவிடம். எங்கள் மலையில் இன்னொன்று சேர்த்துக்கொள்ள வேண்டும். சமவெளியில் எழுதிய கையேடுகள் "பாதுகாப்பான இடத்துக்கு உடனே வெளியேறவும்" என்று சொல்லும். ராத்திரி பதினோரு மணிக்குத் தேயிலைக்குள் இறங்கினால் கரடியோ காட்டெருமையோ நிற்கும், மறுநாள் காலைவரை பஸ் கிடையாது. ஆகவே எங்கள் திட்டங்களில் தூரம் குறைவு: மூன்றாவது வீடு, கோயில் திண்ணை, விளக்கு எரியும் பால் சொசைட்டி. பக்கத்து வீட்டு அக்கா ராத்திரி கொல்லைப்புற விளக்கைப் போட்டு வைத்தால் "வரலாம்" என்று அர்த்தம்.

பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றி ஒரு ஆய்வே இருக்கிறது என்று சொன்னால் மகளிர் குழுவில் சிரிப்பார்கள். 2006இல் ஜேம்ஸ் கோன் திருமணமான பெண்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, மின்னதிர்ச்சி வரப்போகிறது என்று எச்சரித்தார். கணவன் கையைப் பிடித்திருந்தபோது மூளையின் அபாயப் பதில்வினை மிகவும் குறைந்தது. முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பிடித்தாலும் ஓரளவு குறைந்தது. இணக்கமான மணவாழ்க்கை உள்ளவர்களுக்குப் பலன் அதிகம். இதைச் சொன்னதும் குழுவில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்போ எங்களுக்கு அந்தத் தெரியாத ஆளே போதும் மேடம்." எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு வக்கீலைப் பார்க்கப் போனாலும், கோர்ட்டுக்குப் போனாலும், ஸ்கேனுக்குப் போனாலும் அந்தக் குழுவிலிருந்து ஒருத்தி கூடப் போவது வழக்கமாகிவிட்டது. அன்றைய கூலி போகும். குழு சேமிப்பிலிருந்து ஈடு செய்கிறார்கள்.

நீதிமன்றத்தில் மட்டும் நான் மூளையைப் பற்றி வாய் திறப்பதில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. உடல் வன்முறை, பாலியல் வன்முறை, வார்த்தை வன்முறை, பொருளாதார வன்முறை எல்லாமே அதில் அடங்கும். பாதுகாப்பு அலுவலரிடம் சம்பவ அறிக்கை கொடுத்து மாஜிஸ்திரேட்டிடம் மனு போட மூளைக் காயத்தை நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை. நல்லெண்ணத்தோடு ஒரு வக்கீல், "மூளை பாதிக்கப்பட்டதால் மனுதாரருக்கு நினைவாற்றல் குறைவு" என்று மனுவில் எழுத இருந்தார். வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டேன். அந்த வரியை எதிர்த்தரப்பு எடுத்துக்கொண்டு போய்க் குழந்தையின் பொறுப்பு வழக்கில் வைக்கும்: புத்தி சரியில்லாதவளிடம் பிள்ளையை எப்படி விடுவது? ஊரில் ஏற்கெனவே ஓடுகிற பேச்சு அதுதான். எனவே மனுவில் நடந்ததை மட்டும் எழுதுகிறோம்: எந்தக் கை, எந்தக் கதவு, எவ்வளவு நேரம் குரல் வரவில்லை, எந்த ஆஸ்பத்திரியில் காட்டினாள். அறிவியல் எங்களுக்கு, அவளோடு வேலை செய்கிறவர்களுக்கு. அவள் மேல் ஒட்டும் சீட்டாக அது ஆகிவிடக் கூடாது.

அந்தக் கதவுப் பெண்ணுக்குப் பல வாய்தாக்களுக்குப் பிறகு குடியிருப்பு உத்தரவு கிடைத்தது. அவன் கீழ் ஊரில் தம்பி வீட்டில் இருக்கிறான். தலைவலி குறைந்திருக்கிறது, போகவில்லை. எஸ்டேட் எடையும் பழைய அளவுக்கு வரவில்லை, வரும் என்று நான் அவளுக்கு வாக்குக் கொடுக்கவும் இல்லை. அவர்கள் அரை ஏக்கரில் பறிக்கிற இலைக்கான பணம் இவ்வளவு காலமும் அவன் வங்கிக் கணக்குக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அதைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று அவளாகக் கேட்டாள். ஏஜென்ட் முதலில் "அவர் வந்து கையெழுத்துப் போடணும்" என்றார். கோர்ட் உத்தரவின் நகலைக் குழுத் தலைவி அவர் மேசை மேல் விரித்து வைத்ததும் படிவத்தைத் தேடி எடுத்தார். அடுத்த வாரம் ஒரு அட்டை கேட்டு என்னிடம் வந்தாள், எந்தெந்த நாள் எவ்வளவு இலை போட்டாள் என்று எழுதி வைப்பதற்கு. எண்களை நான் எழுதித் தரட்டுமா என்றேன். கோடு மட்டும் போட்டுக் கொடுங்கள், எண்ணைத் தானே எழுதிக்கொள்கிறேன் என்றாள்.